சொந்த ஊரில் வாங்கினார்களா?

மருதங்குடி,
திருவிடைமருதூர் வட்டம்.
21-4-2024

அன்புத் தங்கை எல்சிக்கு,

உன்னையும் மாப்பிள்ளை கிளாட்சனையும் விண்ணகத் தந்தையின் காவலில் ஒப்படைத்து இம்மடலைத் தொடங்குகிறேன். மாப்பிள்ளையின் சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறதா? இங்கு உன் அண்ணி பாத்திமா மேரி நலம். என் வலக்காதும் இடக்காதைப் போலவே முற்றிலும் அடைத்துவிட்டது. ஆகவே நீ எத்தனை முறை போன் செய்தாலும் அது உன் அண்ணிக்கே பயன்படும். நமக்குள் இனித் தபால்தான்.

எழுத நேர்ந்த காரணம் வேறு. மாதர் சங்கத் தலைவி லின்சி நேற்று வீட்டுக்கு வந்தாள். நீ காற்றுப் புகாத தானியப் பைகளை வீடு வீடாக விற்கிறாயாம். உளுந்தும் விதைநெல்லும் மருந்து வைக்காமலே வண்டு விழாமல் இருக்குமாம். ஞாயிறு திருப்பலிக்குப் பின் நீ நம் பெண்களிடம் பேசப் பங்குப் பேரவை அனுமதி தர வேண்டும் என்று தாளில் எழுதிக் காட்டினாள். பேரவையின் செயலாளன் என்ற முறையில் நான் மறுத்துவிட்டேன். என் வாயால் அறியாமல் பிறர் வாயால் நீ இதை அறியக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் மூலிகைச் சாறு விற்கும் நெட்வொர்க் ஒன்று இவ்வூருக்கு வந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். பதினான்கு குடும்பங்கள் அதில் சேர்க்கப்பட்டன. ஜோசப்ராஜ் கறவை மாட்டை விற்றுச் சேர்ந்தான். மாடும் போயிற்று, ஊரும் போயிற்று. இன்று திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். அந்தப் புட்டிகள் சில வீட்டுப் பரண்களில் இன்னும் கிடக்கின்றன. பொருள் மாறலாம். வாசலில் வந்து நிற்பவரின் சிரிப்பு மாறுவதில்லை. நேர்மையான வணிகரை நம் பழஞ்செய்யுள்கள் பாடியிருக்கின்றன. வீடு வீடாக ஏறி இறங்குவோரை எந்தப் புலவரும் பாடியதாக நான் அறியேன்.

மன வருத்தம் கொள்ளாதே. திருவிழாவுக்கு வா, தங்கு, உண்டு போ. பையைக் கொண்டுவர வேண்டாம்.

அன்னை மரியின் நிழல் உன் இல்லத்தின் மீது இருக்கட்டும்.

உன் அண்ணன்,
அந்தோணிமுத்து


மன்னார்குடி
29-4-2024

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

எல்சி வணக்கத்தோடு எழுதுவது. அவருக்குச் சர்க்கரை பரவாயில்லை. காலையில் குளக்கரையைச் சுற்றி நடக்கிறார், வரும் வழியில் வடை தின்றுவிடுகிறார். உங்கள் காதை நினைத்து வருத்தமாக இருக்கிறது. அண்ணியின் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் மறுத்ததில் எனக்குக் கோபமில்லை. நீங்கள் கேட்டதையே வாரத்தில் நாலு பேர் கேட்கிறார்கள். போன வாரம் திருத்துறைப்பூண்டிப் பக்கம் இராஜாங்கம் என்ற மிராசுதார் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். பையை இறக்கி வைப்பதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார்.

"வாம்மா. இதுவும் அந்த நெட்வொர்க் வேலைதானே? இன்னைக்கு எனக்குப் பை குடுப்பே. நாளைக்கு எனக்குக் கீழ நாலு பேரு, அவனுங்களுக்குக் கீழ பதினாறு பேரும்பே. கடைசியில நீ கார்ல போவே, நாங்க கையாட்டணும்."

உள்ளேயிருந்து அவர் சம்சாரம், "காரு எங்கேருந்து வந்துச்சு? அந்தம்மா டவுன் பஸ்லதான் எறங்கிச்சு, நான் பாத்தேன்" என்றார்.

தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டால் அழுகை வரும். "நாங்க அப்படியில்லீங்க" என்று கம்பெனிக் காகிதத்தை எடுத்து விரிப்பேன். விரிக்க விரிக்கச் சந்தேகம் கூடும். இப்போது விரிப்பதில்லை. "நீங்க கேக்குறது நியாயங்க. ஒரு தடவை ஏமாந்தவங்கதான் இப்படிக் கேப்பாங்க" என்றேன். அவர் கொஞ்சம் இறங்கினார். பிறகு சொன்னேன்: "நீங்க யாரையும் சேக்க வேணாம். என் பேரை அடுத்த வீட்டுல சொல்லக்கூட வேணாம். பை வித்தா எனக்குக் கூலி, ஆள் சேத்தா ஒண்ணுமில்ல. உளுந்தைக் கட்டி வச்சுட்டுப் போறேன். ஆவணியில வந்து உங்க முன்னாடி அவுக்குறேன். புடிக்கலேன்னா பையை என் கையில குடுத்துருங்க."

"திரும்பி வருவியா?"

"உங்க காலண்டர்ல உங்க கையாலயே தேதிய எழுதிக்குங்க."

எழுதினார். "வந்தா காபி. வரலேன்னா இந்தப் பையிலதான் மாட்டுக்குத் தண்ணி காட்டுவேன்" என்றார். இதுதான் அண்ணா என் தொழில். ஒவ்வொரு வீட்டுக் காலண்டரிலும் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதிக்குப் போய் நின்றுவிட வேண்டும். சாறு விற்றவர்கள் யாரும் காலண்டரில் தேதி எழுதச் சொல்லவில்லை.

ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அவிழ்க்கும் அன்று எல்லோரும் கேட்கிறார்கள்: "உங்க சொந்த ஊர்ல வாங்கினாங்களா?" நெட்வொர்க்காரர்கள் முதலில் சொந்தக்காரர் வீட்டைத்தான் பிடிப்பார்கள் என்று நினைத்தே மூன்று வருஷமாக நம் ஊருக்குப் பையோடு வராமல் இருந்தேன். இப்போது அதுவே குறையாகிவிட்டது. "பெத்த ஊரே நம்பலையா?" என்கிறார்கள். அண்ணா, ஒரே ஒரு பை. நம் ஊரில் கட்டி வைத்துப் பாருங்கள்.

வீடு வீடாகப் போனவர்களைப் புலவர் பாடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உப்பு விற்க வந்த பெண்கள் தெருவில் கூவி நெல்லுக்கு மாற்றிக்கொண்டு போனார்கள் என்று பள்ளியில் எனக்குப் பாடம் சொன்ன வாத்தியாரே நீங்கள்தானே?

சாறு விஷயம் எனக்கும் தெரியும். அதைப் பற்றி நாம் எழுத வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
எல்சி


மருதங்குடி
6-5-2024

அன்புத் தங்கைக்கு,

இறையருளால் இங்கு யாவரும் நலம். எண்ணெய் வந்தது. அண்ணியின் முழங்கால் மடங்குகிறது.

உப்பு விற்ற பெண்களை நான் மறந்தது பிழைதான். பாடம் சொன்னவனே பாடத்தைத் தவறவிட்டேன். ஆயினும் சில வினாக்கள் எஞ்சியிருக்கின்றன. வானதி என்றொரு பெண்ணை நீ இத்தொழிலில் பழக்கியதாக உன் அண்ணி சொன்னாள். அவள் விற்பதில் உனக்குப் பங்கு உண்டா? உண்டென்றால் நீ எவ்வளவு நயமாக மொழிந்தாலும் அது சங்கிலிதான். வாங்கியவர் பையைத் திருப்பினால் அந்த இழப்பு யாருடையது? உன்னுடையதா, கம்பெனியுடையதா?

இன்னுமொன்று. தானியக் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணி, அன்றிரவே உயிர் நீத்த செல்வனைப் பற்றி நாம் மறையில் கேட்டிருக்கிறோம். சேர்த்து வைக்கும் ஆசையைத் தூண்டுவது நல்ல தொழிலா என்றும் யோசித்தேன்.

எனினும் நீ கேட்டது ஒரு பை. தங்கையின் வேண்டுகோளை ஒரேயடியாகத் தள்ளுவது முறையன்று. பெந்தெகோஸ்து ஞாயிறன்று வா. அனைவரும் பார்க்கக் கட்டு. ஆலயத்தை ஒட்டிய சேமிப்பறையில் பை இருக்கும். அவ்வறைக்கு ஒரே சாவி, அது என்னிடம். ஆகஸ்டு பதினைந்து, அன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று எல்லோர் முன்னிலையிலும் அவிழ்ப்போம். அதுவரை ஒருவரும் தொடலாகாது. உளுந்து பழுதின்றி இருந்தால் நானே எழுந்து நின்று உன்னைப் பரிந்துரைப்பேன். பழுதானால் இவ்வூரில் நீ பையென்ற பேச்சை மீண்டும் எடுக்கக்கூடாது.

மாப்பிள்ளையை வடை தின்ன விடாதே.

உன் அண்ணன்,
அந்தோணிமுத்து


மன்னார்குடி
22-5-2024

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். அண்ணி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைக் கும்பகோணம் பஸ் நிலையத்திலேயே முடித்துவிட்டேன்.

அன்று கூட்டத்தில் உங்களுக்கு எழுதிக் காட்ட முடியாததை இப்போது எழுதுகிறேன். வானதி விற்பதில் எனக்கு ஒரு காசும் கிடையாது. அவள் நீடாமங்கலம் பக்கம் தனியாகப் போகிறாள். முதல் ஒரு வாரம் அவளோடு நான் நடந்தேன். அதற்காகக் கிறிஸ்துமஸுக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுத்தாள். அதைப் பங்கு என்று எண்ணினால் எண்ணிக்கொள்ளுங்கள், சேலை நன்றாக இருக்கிறது. திருப்பிய பை ஆறு மாதத்துக்குள் என்றால் கம்பெனி எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு என் தலையில். இதுவரை இரண்டு வந்திருக்கிறது, இரண்டும் எலி கடித்தது.

களஞ்சியம் கட்டிய செல்வன் தனக்கென்று சேர்த்தான். நம் பெண்கள் அடுத்த விதைப்புக்குச் சேர்க்கிறார்கள். வண்டு தின்றதை யாருக்கும் தானமாகக்கூடக் கொடுக்க முடியாது, அண்ணா.

கட்டும்போது நீங்கள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். லின்சி வயலில் விளைந்த உளுந்து, இருபத்தைந்து கிலோ. அதில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து வண்டு ஓடிக்கொண்டிருந்ததை எல்லோருக்கும் காட்டித்தான் போட்டேன். காற்றை அழுத்தி வெளியேற்றி, உள்பையின் வாயை முறுக்கி, மடித்து, கட்ட வேண்டும். உள்ளே இருக்கிற காற்றை வண்டே மூச்சுவிட்டுத் தீர்த்துவிட்டுச் செத்துப்போகும். புதுக் காற்று போகக்கூடாது, அவ்வளவுதான் வித்தை. என் பழைய சேலையின் நீலக் கரையைக் கிழித்து அதனால் கட்டுவது என் வழக்கம்.

சின்ன வயதில் நீங்கள் எவ்வளவு திருத்தியும் மாறாத இடது கை எனக்கு. அதனால் என் முறுக்கு மற்றவர்களுடையதற்கு எதிர்ப்பக்கமாகப் போகும். வானதிக்குச் சொல்லிக் கொடுக்கவே தனியாக இரண்டு நாள் ஆனது. "அக்கா, உங்க பையை அவுக்குறதுக்குக் கண்ணாடி வச்சுப் பாக்கணும் போல" என்று சிரிப்பாள்.

திருநாளன்று வருகிறேன். இராஜாங்கத்திடம், "சொந்த ஊர்ல பை கட்டியாச்சு" என்று சொல்லிவிட்டேன். "கட்டுனது பெருசில்ல, அவுக்குறப்போ சொல்லு" என்கிறார்.

தங்கை,
எல்சி


மருதங்குடி
27-6-2024

அன்புத் தங்கைக்கு,

நலம். உங்கள் நலமறிய அவா. காவிரியில் இவ்வாண்டு இன்னும் தண்ணீர் விடவில்லை. போர்வெல் வைத்திருப்பவர்கள் மட்டும் குறுவை நட்டிருக்கிறார்கள்.

அறிந்துகொள்ளும் பொருட்டு ஒன்று கேட்கிறேன். பையை அவிழ்க்காமல் உள்ளிருக்கும் தானியத்தின் நிலையை அறிய வழியுண்டா? ஒருவேளை யாரேனும் இடையில் ஒருமுறை அவிழ்த்து, உடனே கட்டிவிட்டால் என்ன நேரும்? பொதுவாகக் கேட்கிறேன்.

உன் அண்ணன்,
அந்தோணிமுத்து


மன்னார்குடி
6-7-2024

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். அவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தஞ்சாவூருக்குப் போய்வந்தோம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: வெளியிலிருந்து பார்க்க வழி கிடையாது. காதை வைத்துக் கேட்டால் சிலருக்கு வண்டு நடக்கிற சத்தம் தெரியும் என்பார்கள். நீங்கள் அதைச் செய்ய முடியாது, நானும் செய்து பார்த்ததில்லை.

இடையில் அவிழ்த்தால் காற்றுப் போய்விடும். உடனே நன்றாக முறுக்கிக் கட்டிவிட்டால் பெரிய மோசம் இல்லை. தளர்வாகக் கட்டினாலோ, வண்டு விழுந்த வேறு தானியத்தில் புழங்கிய பாத்திரத்தை உள்ளே விட்டாலோ, கட்டியதே வீண். யார் வீட்டிலும் ஆசை பொறுக்காமல் அவிழ்ப்பது உண்டு. அது தப்பில்லை, அண்ணா. எனக்குச் சொல்லிவிட்டால் போதும். அடுத்த பஸ்ஸில் வந்து மறுபடி கட்டிவிட்டு, காலண்டரில் தேதியை மாற்றி எழுதச் சொல்லிவிட்டு வருவேன். யாரிடமும் ஏன் என்று கேட்டதில்லை.

பொதுவாகத்தான் சொல்கிறேன்.

தங்கை,
எல்சி


மருதங்குடி
20-7-2024

அன்புத் தங்கைக்கு,

இருவரும் நலம். மாப்பிள்ளையின் கண்ணுக்காகச் செபிக்கிறோம். இருமுறை நல்ல மழை. குளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது. திருநாளுக்கான பந்தல் வேலை தொடங்கிவிட்டது. வேறு செய்தி ஒன்றுமில்லை.

அந்தோணிமுத்து


மன்னார்குடி
19-8-2024

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் திருநாள் விருந்தில் சாப்பிடாமலே எழுந்துபோனதாக அண்ணி சொன்னார். உடம்புக்கு ஒன்றுமில்லையே?

அன்று பேசியது எதுவும் உங்களுக்குக் கேட்டிருக்காது. கூட்டத்தில் என்ன நடந்தது என்பது பேரவைச் செயலாளருக்குத் தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நான் அவிழ்த்ததும் வண்டு என் முழங்கை வரைக்கும் ஏறியதை நீங்கள் பார்த்தீர்கள். முதலில் ஒரு அம்மா, "ஏடி, இது உளுந்தா, எறும்புப் புத்தா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பின்னால் நின்ற ஒருவர், "ஜோசப்ராஜுக்குப் போனைப் போடுங்கப்பா. திருப்பூர்ல இன்னொரு ரூம் பாத்து வைக்கச் சொல்லுங்க" என்றார். லின்சி மட்டும், "சும்மா இருங்க, அக்கா மொகத்தைப் பாருங்க" என்றாள். அதற்குள் இன்னொரு குரல்: "அண்ணன் சாறு வித்தாரு. தங்கச்சி பை விக்குது. குடும்பத் தொழிலுப்பா!" இதை யார் சொன்னது என்று எழுதமாட்டேன், நீங்களும் கேட்க வேண்டாம்.

"தப்பு நடந்துருச்சு. லின்சி உளுந்துக்கு நான் பொறுப்பு" என்று மட்டும் சொன்னேன். பை நல்ல பைதான் என்று வாதாடவில்லை. வண்டு கண்ணெதிரே ஓடும்போது எந்த வாதமும் நெட்வொர்க்காரன் பேச்சாகத்தான் கேட்கும். மன்னார்குடிக் கடையில் நல்ல உளுந்து இருபத்தைந்து கிலோ வாங்கி லின்சிக்கு அனுப்பிவிட்டேன்.

நம் ஒப்பந்தப்படி இனி ஊரில் பையைப் பற்றிப் பேசமாட்டேன். பையைக் கட்டியிருந்த நீலத் துண்டை மட்டும் கையோடு எடுத்துவந்தேன். என்னிடம் இருக்கிறது.

ஆவணி பிறந்துவிட்டது. நாளை இராஜாங்கம் வீட்டுக் காலண்டரில் என் தேதி. போக வேண்டும்.

தங்கை,
எல்சி


மருதங்குடி
12-9-2024

அன்பு எல்சிக்கு,

அண்ணி பாத்திமா மேரி எழுதிக்கொள்வது. நான் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. போனில் பேசலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

உன் கடிதம் வந்ததிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. சேமிப்பறைச் சாவியைப் பங்குச் சாமியிடம் கொடுத்துவிட்டார். ஏன் என்று எழுதிக் கேட்டால், "வயதாகிவிட்டது" என்று எழுதிக் காட்டுகிறார். நம் வீட்டு உளுந்து டின்னில் இருந்த உழக்கை எடுத்துக் கழுவி வெயிலில் வைத்துவிட்டு, அதன் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். எனக்குக் கொஞ்சம் புரிகிற மாதிரி இருக்கிறது. முழுவதும் புரிய வேண்டாம் என்றும் இருக்கிறது.

திருப்பூருக்கு ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டிருக்கிறார். மேல்விலாசத்தில் ஜோசப்ராஜ் பெயர். அந்தப் பெயரை இந்த வீட்டில் அவர் எழுதி நான் பார்த்ததில்லை.

நீ கோபமாக இருந்தால் என்னிடமாவது சொல். கிளாட்சன் தம்பிக்கு என் அன்பு.

அண்ணி,
பாத்திமா மேரி


மருதங்குடி
30-9-2024

அன்புத் தங்கை எல்சிக்கு,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இப்போது உண்டா என்று தெரியவில்லை. இருந்தும் விசாரிக்கிறேன். நீங்கள் இருவரும் நலமாயிருக்க வேண்டும்.

பையை அவிழ்த்தவன் நான். ஒருமுறையன்று, மும்முறை. உன்னைக் கண்டு வந்த ஐயமன்று அது. ஜூன் மாதத் தொடக்கத்தில் முதன்முறை அவிழ்த்தேன். உயிரோடு ஒரு வண்டும் இல்லை. நீ காட்டிவிட்டுப் போட்ட வண்டுகள் அனைத்தும் மடிந்து கிடந்தன. உளுந்து அன்று தூற்றியது போல் இருந்தது. என் தங்கை மெய்யே சொன்னாள் என்று நான் அக்கணமே மகிழ்ந்திருக்க வேண்டும். மகிழவில்லை. இது மெய்யானால், வாசல்தோறும் வந்தவர்களுள் மெய்யானவர்களும் உண்டு என்றாகும். அப்படியானால் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் இவ்வூர் ஏமாந்தது அவ்வகைத் தொழிலின் குற்றமன்று. அன்று பரிந்துரைத்த வாயின் குற்றம். அது என் வாய். ஆகவே எங்கேனும் குறை தென்படும் என்று மீண்டும் அவிழ்த்தேன். இரண்டாம் முறையும் குறையில்லை. பிறகுதான் உனக்குப் பொதுவாக ஒரு கேள்வி எழுதினேன்.

நீ எழுதிய பதில் எனக்குத் திறந்து வைத்த கதவு. நான் மழையின் அளவை எழுதினேன். அதற்குப் பின்னும் ஒருமுறை, வண்டு விழுந்த நம் வீட்டு உளுந்து டின்னில் இருந்த உழக்கையே எடுத்துப்போய் உள்ளே விட்டு அள்ளிப் பார்த்தேன். வேண்டுமென்று செய்தேனா என்று என்னையே பலமுறை கேட்டுவிட்டேன். இல்லை என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. கட்டியதும் அரைகுறைக் கட்டு. திருநாளன்று வண்டு உன் கையில் ஏறியபோது பீடத்தின் படிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிரிப்பொலி கேட்கவில்லை என்பதும் அன்று எனக்கு வசதியாயிற்று. நீ அதையும் எழுதி அனுப்பினாய்.

சாறு நெட்வொர்க்கில் பதினான்கு குடும்பங்கள் 'சேர்க்கப்பட்டன' என்று எழுதினேன். சேர்த்தவன் நான். முதலில் சேர்த்தது உன்னை. உன் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாய். அதன்பின் நீ வெறுங்காதோடு வந்துபோவதைப் பதினெட்டு ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை.

நேற்று, அதிதூதர்களின் திருநாள் திருப்பலி முடிந்தபின், அன்று சாற்றைப் புகழ்ந்து நான் நின்ற அதே வாசக மேடையருகே நின்றேன். எழுதி வைத்துப் படித்தேன். சாற்றைப் பற்றிப் படித்தேன். பையைப் பற்றியும் படித்தேன். "முதன்முறை அவிழ்த்தபோது உளுந்து நன்றாயிருந்ததைக் கண்ணால் கண்டேன். அதை மறைத்தேன்" என்பதை இருமுறை படித்தேன். எதிரே வாய்கள் அசைந்தன. என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணி ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். எறும்புப் புற்று என்று சொன்ன அம்மா, "வாத்தியாரு இதைச் சொல்றதுக்குப் பதினெட்டு வருஷமா?" என்றாராம். லின்சி, "பதினெட்டுல பை கட்டியிருந்த மூணு மாசம்தான் அக்கா கணக்கு, மீதி எங்க கணக்கு" என்றாளாம். ஒருவர் எழுந்து போய்விட்டார். ஜோசப்ராஜின் தம்பி அவர். அவர் வீட்டுக்கு நாளை நான் போகிறேன். ஜோசப்ராஜிடமிருந்து இன்னும் பதில் இல்லை. வராமலும் போகலாம்.

பேரவைச் செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டேன். ஆகவே உனக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் இனி எனக்கில்லை. லின்சி தனியாக எழுதுவாள். சம்பா உழவு நடக்கிறது. விதைநெல் மிச்சத்தைக் கட்டி வைக்கப் பெண்கள் கேட்கிறார்கள்.

எங்கே தவறினாய் என்று ஒவ்வோர் இரவும் என்னைக் கேட்கும் இறைவன், உன்னிடம் ஒன்றையும் கேட்கமாட்டார் என்று நம்புகிறேன்.

உன் அண்ணன்,
அந்தோணிமுத்து


மன்னார்குடி
9-10-2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சாப்பிட ஆரம்பித்துவிட்டதாக அண்ணி சொன்னார், சந்தோஷம்.

பையைத் தொட்டவுடனே எனக்குத் தெரியும். என் முறுக்கு எதிர்ப்பக்கமாகப் போகும். திருநாளன்று அவிழ்க்கக் கை வைத்தபோது முறுக்கு எல்லோரும் முறுக்குகிற பக்கமாக இருந்தது. அந்த அறைக்கு ஒரே சாவி. அதை அங்கேயே சொல்லியிருந்தால் பை பிழைத்திருக்கும். அப்புறம் எந்த முகத்தோடு நான் நம் வீட்டில் சோறு சாப்பிடுவது? அதனால் சொல்லவில்லை. கோபம் இருந்தது, இல்லை என்று எழுதினால் பொய். திருநாளுக்குப் பிறகு அந்த ஆறு வாரத்தில் உங்களுக்கு நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

தோட்டைப் பற்றி இனி எழுத வேண்டாம். அதை நான் உங்களுக்காகக் கழற்றவில்லை. ஆறு மாதத்தில் பெரிய ஆளாகிவிடலாம் என்று நானும்தான் நம்பினேன். இன்று வாசலில் யாராவது "இது நெட்வொர்க்தானே" என்று கேட்டால் நான் கோபப்படாமல் நிற்பதற்குக் காரணம் அதுதான். கேட்பவர் பக்கத்தில் நானும் ஒருநாள் உட்கார்ந்திருந்தேன்.

இராஜாங்கம் வீட்டில் ஆவணியில் அவிழ்த்தேன். உளுந்து அப்படியே இருந்தது. காபி கொடுத்தார். நேற்று இன்னும் இரண்டு பை கேட்டு ஆள் அனுப்பியிருந்தார், நானே கொண்டுபோனேன். வழக்கமான கேள்விதான்.

"என்னம்மா, சொந்த ஊர்ல வாங்கினாங்களா?"

"ஒரு தடவை வண்டு விழுந்துருச்சுங்க. அதுக்கப்புறமும் கேட்டுருக்காங்க."

"இதை ஏன் சொல்ற? சொல்லாட்டி எனக்குத் தெரியவா போவுது?" என்றார். உள்ளேயிருந்து அவர் சம்சாரம், "அதனாலதான் காருல வரல" என்றார்.

வருகிற ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். லின்சி முப்பத்தொரு வீட்டுப் பட்டியல் அனுப்பியிருக்கிறாள். ஜோசப்ராஜின் தம்பி பெயர் அதில் இல்லை. அவர் வீட்டுக்கு நீங்கள் போய்வந்ததே போதும், நான் பையோடு போகமாட்டேன்.

பழைய நீலத் துண்டைத் துவைத்து வைத்திருக்கிறேன். கொண்டுவருகிறேன். முதல் பை நம் வீட்டு உளுந்து. உழக்கைத் தள்ளி வைத்துவிடுங்கள். நான் முறுக்கும்போது பையின் வாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். அண்ணிக்கு முழங்கால் வலி. நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

காலண்டரில் தேதியை உங்கள் கையால் எழுதி வையுங்கள்.

தங்கை,
எல்சி